மைனிக்கு வாரம் ஒரு பொய்

மூளையைத் தீட்டப் போய் மீசையைப் பறிகொடுத்தவன் நான். அறுபது தாண்டியவர்கள் அன்றாட வேலைகளை இடது கையால் செய்து பழகினால் மூளை மழுங்காது என்று செல்போனில் ஒரு செய்தி வந்திருந்தது. பல் தேய்ப்பது, தலை சீவுவது என்று எளிய வேலைகளாகத்தான் அதில் சொல்லியிருந்தார்கள். எனக்கு எதிலும் ஒரு படி மேலே போயாக வேண்டும். கண்ணாடி முன் நின்று இடது கையால் சவரம் செய்தேன். நான் எந்த முடிவும் எடுப்பதற்கு முன்பே மீசையின் வலது பாதி வாஷ்பேசினில் கிடந்தது. மிச்சத்தையும் வழித்துவிட்டிருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். அதையும் இடது கையால்தான் எடுப்பேன் என்று வீம்பு பிடித்து, பிறகு மூக்கை நினைத்துப் பயந்து, அப்படியே விட்டுவிட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை நான் இரணியலுக்குப் போயே ஆக வேண்டும். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு சன்னலைத் திறந்து வைத்து, பிறகு எழுந்தே போய்விட்டார்.

மைனிக்கு மட்டும் கைக்குட்டையை எடுத்துக் காட்டினேன்.

"கொழுந்தனாரே, மிச்சப் பாதி எங்க? பஸ்ஸுல வச்சுட்டு வந்துட்டீரா?"

காரணத்தைச் சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம், குழாயை அடைத்ததுபோல அந்தச் சிரிப்பு நின்றது.

"அதுல வேற என்னவெல்லாம் போட்டிருக்கான்? வாசியும்."

பாதி மீசையோடு நின்று முழுச் செய்தியையும் வாசித்தேன். அவள் ஒரு வரியையும் விடாமல் கேட்டாள். கேட்ட முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வாய் திறக்கக் காத்திருப்பவர்களின் முகம் அது.

மைனி என்றால் என் அண்ணனின் மனைவி. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அண்ணன் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகன் திருவனந்தபுரத்தில் எட்டாவது மாடியில் குடியிருந்தான். மைனி மட்டும் இரணியல் வீட்டில் தனியாக இருந்தாள். அதனால்தான் வாரம் ஒரு நாள் நான் போய்ப் பார்ப்பது. இளம்வயதில் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு கம்பெனியில், தரம் பிரிக்கிற மேசையில் இருந்தவள். அந்தப் பழக்கமோ என்னவோ, ஓர்மையை, அதாவது ஞாபகத்தை, அவள் ஒரு பண்டம் மாதிரிதான் நினைத்தாள். முழுசு எவ்வளவு, உடைந்தது எவ்வளவு, பூச்சி அரித்தது எவ்வளவு என்று தினமும் கொட்டிப் பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

ஒரு சுளவில், முறத்தைத்தான் சொல்கிறேன், சிறுபயறையும் உளுந்தையும் காணம் என்கிற கொள்ளையும் சேர்த்துக் கொட்டுவாள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவித் தனித்தனியாகப் பிரிப்பாள். பிரித்து முடித்ததும் திரும்பவும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிடுவாள். நான் முதல் தடவை பார்த்தபோது, "இதுக்குப் பேசாம சாம்பார் வச்சிரலாம் மைனி" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "ஒமக்க கையைக் கொண்டாரும். அது காணமா கல்லான்னு தொட்டுச் சொல்லுகேன்" என்றாள்.

அஞ்சறைப்பெட்டியை மூக்கின் முன்னால் வைத்து, இது வெந்தயம், இது சீரகம் என்று சொல்லிப் பார்ப்பாள். ஜலதோஷம் பிடித்தால் போச்சு. வெந்தயம் மணக்கவில்லை என்று அன்று முழுக்க முகம் செத்துக் கிடக்கும். மூக்கடைப்பு என்று தெரியும். தெரிந்தும், மூக்குப்பொடி போட்டதுபோல தும்மித் தும்மி மறுபடியும் பெட்டியை மோந்து பார்ப்பாள்.

முற்றத்தில் பின்பக்கமாக நடப்பதும் உண்டு. இந்த யோசனை என் செல்போனிலிருந்து போனது. அதில்தான் வினை வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மதில் வழியாக இரண்டு நாள் கவனித்துவிட்டு, நேரே மகனுக்கு போன் போட்டுவிட்டாள். "மக்கா, ஒனக்க அம்மை பொறத்தால நடக்கா. கண்ணை மூடிட்டு பயறைத் தடவுயா. டப்பாவை மோந்து மோந்து பாக்கா. எதுக்கும் நீ ஒரு எட்டு வந்து பாரு."

புத்தி கெட்டுவிடக் கூடாது என்று அவள் செய்ததெல்லாம், புத்தி கெட்டுப்போனதற்குச் சாட்சியாகிவிட்டது. மகன் வந்தான். அம்மையைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றான். பெரிய சண்டை. கடைசியில் மைனி என்னைக் கை காட்டினாள்.

"இவரு செவ்வாய்க்கிழமை தோறும் வாராருல்லா? இவருட்ட கேளு. எனக்கு வெவரம் கெட்டுப்போச்சுன்னு இவரு என்னைக்குச் சொல்லுகாரோ, அன்னைக்கு நானே பொறப்பட்டு ஒனக்க வீட்டுக்கு வந்திருவேன். அதுவரை என்னைத் தொடாத."

மகன் என்னைப் பார்த்தான். குடும்பத்தில் நான் சொல்வதை ஒருவரும் நம்புவது கிடையாது. கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் கொண்டுபோய்க் கொடுத்தால், போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். அப்படிப்பட்ட ஆளிடம் ஒரு மனுஷியின் மூளையைக் காவல் காக்கும் வேலை வந்து சேர்ந்தது.

மகன் போன பிறகு, "என்னைப்போய் எதுக்கு மைனி இதுல இழுத்து விட்டீங்க?" என்றேன்.

அப்போதுதான் அவள் தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள். அந்த அக்கா கடைசிக் காலத்தில் பெற்ற மகள் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, "இது யாருக்க வீடு? இருட்டுகதுக்கு முன்ன நாம போவாண்டாமா?" என்று வந்தவர் போனவரையெல்லாம் கேட்டவள். பேரப்பிள்ளைகள் அதை செல்போனில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். பதிலுக்குச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. மைனியும் அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"எல்லாரும் சிரிக்காங்க தம்பி. நடுவுல இருந்துட்டு அவளும் சிரிக்கா. எதுக்குச் சிரிக்காங்கன்னு அவளுக்குத் தெரியாது. ஒருத்தராவது அவளுட்ட சொன்னாங்களா, அக்கா, ஒனக்கு ஓர்மை போவுதுன்னு? சொல்லியிருந்தா அவ வாயை மூடிட்டு ஒரு மூலையில கௌரவமா இருந்திருப்பா. எனக்கு ஓர்மை போவதுல பேடியோ பயமோ இல்ல. போனது தெரியாம நானும் சேந்து சிரிப்பேனே, அதுலயாக்கும் பேடி."

என்னை அவள் தம்பி என்று கூப்பிட்டால் விஷயம் கனமானது என்று அர்த்தம். மற்ற நேரமெல்லாம் கொழுந்தனார்தான்.

"மத்தவங்க எல்லாம் மனசு நோவப்பிடாதுன்னு மறைச்சிருவாங்க. நீரு ஆளைக் கேலி பண்ணுகதுக்குன்னே பொறந்த மனுஷன். நீரு சொல்லுவீரு. வார அன்னைக்கெல்லாம் பேச்சோட பேச்சா ஒரு பொய்யைச் சொருவி வையும். நீரு எறங்கிப் போறதுக்குள்ள நான் பிடிக்கணும். பிடிக்காம விட்டா எனக்க மூஞ்சிக்கு நேரா சொல்லணும். எனக்கு முதல்ல. மவனுக்குப் பொறவு. சத்தியம் பண்ணும்."

சத்தியம் செய்தேன். பொய் சொல்வதற்குச் சத்தியம் செய்த ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

ஆரம்பத்தில் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. "ஒங்க கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக் குடை பிடிச்சது நான்தானே" என்பேன். அடுக்களையில் கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவிலிருந்து பதில் வரும். "நீரு அன்னைக்குப் பொன்னுக்குவீங்கி வந்து, மூஞ்சி ரெண்டு பக்கமும் பலாக்காய் கணக்கா வீங்கி, உள்ள கெடந்தீரு. குடை பிடிச்சது ஒங்க மாமன் மவன்." எங்கள் அம்மா தீயல் குழம்பில் வெல்லம் போடுவாள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "ஒங்க அம்மை அதைக் கேட்டா செத்த எடத்துலருந்து எந்திரிச்சு வருவா" என்றாள். போகப் போக சாதாரணப் பொய்யெல்லாம் அவளிடம் செல்லவில்லை. பஸ்ஸில் வரும்போதே யோசித்துத் தயார் செய்ய வேண்டியிருந்தது. என் மனைவிக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். "பொய் சொல்ல ஒங்களுக்குத் தயாரிப்பு வேற வேணுமா?"

ஆனால் சிரித்துக்கொண்டே நான் கவனித்த ஒன்று உண்டு. நான் கிளம்புகிற நேரம் நெருங்கியும் பொய் அகப்படவில்லை என்றால், மைனியின் விரல்கள் சுளவில் தடுமாறத் தொடங்கும். உளுந்துக் குவியலில் காணம் விழும். பேச்சுக்கு நடுவே என் முகத்தை ஓரக்கண்ணால் துழாவுவாள். உதடு எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கும். நான் காலையிலிருந்து பேசியதையெல்லாம் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறாள் என்று புரியும். அப்போது, இந்தா இதுதான் மைனி என்று சொல்லிவிடலாம்போல இருக்கும். சொன்னால் ஆட்டம் போயிற்று. நானும் அவளோடு சேர்ந்து வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் அவள் பிடிக்கும் முன்பே என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். மைனி ஓடி வருகிறாள். காலில் செருப்பு இல்லை. முடி அவிழ்ந்து கிடக்கிறது.

"கெழக்கு மதிலோரம் நிக்க மரம் ஒட்டுமாவுன்னு சொன்னீரே, அதுதான் பொய்! அது நாட்டுமாவு! ஒமக்க அண்ணன் கொட்டை போட்டு மொளைச்சதாக்கும்!"

நின்றிருந்த எல்லோரும் சிரித்தார்கள். பஸ் ஏறினவர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மைனி சிரிக்கவில்லை. மூச்சு வாங்க என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிதானே தம்பி? அதுதானே?" என்று கேட்டாள். ஆமாம் மைனி என்றேன். பிடித்த கையை விட அவளுக்கு வெகுநேரமாயிற்று. அந்தக் கை ஐஸ்போல இருந்தது.

அதன் பிறகு நான் லேசான பொய்களாகச் சொல்ல ஆரம்பித்தேன். அதையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். "பிள்ளையளுக்குச் சொல்லுகது மாதிரி சொல்லாதியும்" என்று திட்டினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை பெய்து ஓய்ந்திருந்தது. மைனி சுளவை மடியில் வைத்து, கண்ணை மூடிப் பயறு பிரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் சுத்தமாக வேலை செய்தன. தக்கலை சந்தையில் என் குடையை ஒரு மாடு தின்றுவிட்டது என்பது அன்றைக்கு நான் கொண்டுபோயிருந்த பொய். அதைச் சொல்லி முடித்துவிட்டு, வேறு பேச்சாக, "அடுத்த மாசம் அண்ணனுக்க திதி வருது மைனி. ஆளுக்குச் சொல்லி வைக்கணும்" என்றேன்.

மைனி கண்ணைத் திறந்தாள். முகம் முழுக்க வெற்றிச் சிரிப்பு.

"அகப்பட்டீரா! என்ன பொய்யிது கொழுந்தனாரே, வாயில நல்லதா ஒண்ணும் வராதா? உயிரோட இருக்க மனுஷனுக்கு எவனாவது திதி குடுப்பானா? மெல்லப் பேசும். உள்ள படுத்திருக்காரு, காதுல விழப்போவுது."

என் கையிலிருந்த சாயா தளும்பி வேட்டியில் கொட்டியது. சூடு தெரியவில்லை. வேடிக்கை செய்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு எல்லா வேடிக்கை முகமும் தெரியும். நாற்பது வருடமாக நானே அதைப் போட்டுக்கொண்டு திரிபவன். இது அது இல்லை.

"மழைக்கு அவரும் ஒரு சாயா கேப்பாரு" என்று எழுந்து அடுக்களைக்குப் போனாள். ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் நுழைந்தாள். மேசையில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. "ஆறிப்போறதுக்குள்ள குடியுங்க" என்று அவள் சொன்னதும் கேட்டது. அந்த அறையில் மாலை போட்ட அண்ணன் படம் ஒன்றைத் தவிர வேறு யாரும் இல்லை. மதியவேளை, வெளியே வெயில்கூட அடிக்க ஆரம்பித்திருந்தது. எனக்குத் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. எழுந்து அந்த அறையை எட்டிப் பார்க்க என்னால் முடியவில்லை. நிஜமாகவே அண்ணன் படுத்திருந்தால் என்ன செய்வது என்று ஒரு கணம் தோன்றியது என்றால், அப்போது அந்த வீட்டில் யாருக்கு வெவரம் கெட்டிருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

திரும்பி வந்து சுளவை எடுத்து மடியில் வைத்தாள். "என்ன முகம் வெளுத்துக் கெடக்கு? தோத்துட்டீரு இல்லியா?"

"பிடிச்சுட்டீங்க மைனி" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். படத்துக்கு முன்னால் சாயா வைக்கிற வழக்கம் எத்தனையோ வீட்டில் இல்லையா? என்னைச் சீண்டத்தான் அப்படிச் சொல்லியிருப்பாள். ஒருவேளை நான்தான் தப்பாகக் கேட்டேனோ? பஸ்ஸில் உட்கார்ந்து என் பேரப்பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். கடைசிப் பேரன் பெயர் வரவில்லை. வரும்வரை நான் என் நிறுத்தத்தில் இறங்கவில்லை. கோட்டாறு போய் இறங்கி நடந்து வந்தேன்.

மனைவியிடம் சொன்னேன்.

"சத்தியம் பண்ணியிருக்கீங்கள்லா. சொல்லித்தான் ஆவணும். ஆனா ஒண்ணு, ஒங்க வாயிலருந்து வந்தா இரணியல் அக்கா அதையும் பொய்யின்னுதானே நெனைப்பாங்க?"

எனக்கும் அந்தப் பயம்தான். அதைவிடப் பெரிய பயம், அவள் நம்பிவிட்டால்?

மறுநாள் காலையில் மகன் போன் செய்தான். "சித்தப்பா, பக்கத்து வீட்டு ஆச்சி என்னென்னவோ சொல்லுகாங்க. அம்மை எப்படி இருக்கா? நல்லா இருக்கான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் வரல்ல."

ஒரு வார்த்தைதான். வாழ்க்கை முழுக்க எத்தனை ஆயிரம் பொய் சொல்லியிருப்பேன்! அந்த ஒன்றை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. மத்தியானம் சொல்கிறேன் மக்கா என்று சொல்லிவிட்டு, இரணியலுக்கு பஸ் ஏறினேன்.

மைனி முற்றம் தூத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விளக்குமாறு அப்படியே நின்றது.

"இன்னைக்கு புதன்கிழமைல்லா?" என்றாள்.

"புதன்தான் மைனி. ஒரு வேலையா வந்தேன்."

அவளுக்கு மூச்சு வந்தது. எனக்கு நின்றுவிட்டது. இவ்வளவு தெளிவாக இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

உள்ளே போய் உட்கார்ந்தோம். மழையைப் பற்றிப் பேசினேன். பஸ்ஸைப் பற்றிப் பேசினேன். என் மகளுக்கு முழங்கால் வலி என்றேன். அன்றைக்கு நான் பேசியது எல்லாமே நிஜம். மைனி சுளவை மடியில் வைத்துக் கண்ணை மூடிப் பிரிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் விரல் தடுமாறியது. உளுந்துக் குவியலில் பயறு விழுந்தது. அந்த உதடு அசைய ஆரம்பித்தது. மழை, பஸ், முழங்கால், மறுபடி மழை. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. நான் சொல்லாத பொய்யை அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் திறந்தாள்.

"எனக்குக் கிட்டல்ல தம்பி. நான் விட்டுட்டேனா?"

"இன்னைக்குப் பொய்யே சொல்லல்ல மைனி."

"பின்ன எதுக்கு வந்தீரு?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நேத்து நீங்க பிடிச்சது பொய் இல்ல மைனி. அதை நீங்க நெஜம்னு விட்டிருக்கணும்."

"எதை?"

"அண்ணனுக்க திதியை."

உள்ளறைக் கதவு திறந்துதான் இருந்தது. மைனி அந்தப் பக்கம் திரும்பினாள். அங்கிருந்து படம் தெரியும். மாலை தெரியும். மேசை மேல் நேற்றைய சாயா டம்ளரும் இருந்தது. மேலே ஆடை கட்டி, ஒரு ஈ அதில் உட்கார்ந்திருந்தது. அவள் அந்த டம்ளரையே பார்த்தாள். அது யார் வைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. இரண்டையும் நான் அவள் முகத்தில் பார்த்தேன். அவள் கை தானாகச் சுளவில் இறங்கி, பிரித்து வைத்திருந்த குவியல்களை ஒன்றாகக் கலந்தது. மெதுவாக, சுற்றிச் சுற்றி, கலந்துகொண்டே இருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. என் கைவசம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். சத்தமாகச் சிரித்தேன். அப்படி ஒரு கேவலமான சிரிப்பை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் சிரித்ததில்லை.

"ஏமாந்துட்டீங்களா மைனி! சும்மா சொன்னேன், சும்மா! இதுதான் இன்னைக்குள்ள பொய்!"

மைனியின் கை நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுதான் பொய், தம்பி. மவனுக்குப் போனைப் போடும்."